முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்கணும்

உனோகி ரப்பர் வளையத் தொழிலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பல வசதிகள் உண்டு. மதியச் சாப்பாடு பாதி விலை. வருடத்துக்கு ஒரு முறை வெந்நீர் ஊற்றுக்குச் சுற்றுலா. செத்துப்போனால் அடுத்த திங்கட்கிழமையே மறுபடியும் வேலைக்குச் சேர்ந்துவிடலாம்.

தொழிலகம் இருக்கும் தகசாகி ஊரில் இதை யாரும் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. பக்கத்து ஊர்த் தொழிற்சாலையில் செத்தவர்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லையாம் என்று கேள்விப்பட்டு, பாவம், அந்த ஆட்களின் கதி என்ன என்று பரிதாபப்பட்டவர்கள்கூட இருக்கிறார்கள்.

ஒகிட்சு மிட்சுனோரி அந்தத் தொழிலகத்தின் குறைகேட்புப் பிரிவில் பதினெட்டு வருடம் போன் எடுத்தவர். வீட்டுக் குழாய் ஒழுகினால் ஜனங்கள் அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் யார் செய்தது என்று பார்த்து, உனோகிக்குக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். மிட்சுனோரி முழுவதையும் கேட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்பார். போனில்தானே என்று உட்கார்ந்துகொண்டு கேட்க மாட்டார். எழுந்து நின்று, இடுப்பு வரைக்கும் குனிந்துதான் கேட்பார். பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் அப்படிக் குனிந்தவர் மேஜைமேல் சரிந்தார், நிமிரவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எதிர்முனையில் திட்டிக்கொண்டிருந்தவர் அந்த நீண்ட மௌனத்தை ஆழ்ந்த வருத்தம் என்று எடுத்துக்கொண்டார். சரி விடுங்கள், இவ்வளவு மனம் வருந்துகிற ஆளை நான் பார்த்ததில்லை என்று மன்னித்துவிட்டுப் போனை வைத்தார். பிறகு கம்பெனிக்குப் பாராட்டிக் கடிதமும் போட்டார். அதைச் சட்டம் போட்டு மிட்சுனோரியின் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள்.

சாவு வீட்டுக்குத் தொடர்பணித் துறையின் தலைவர் தகிமோட்டோ வந்தார். ஊதுபத்தி ஏற்றினார், குனிந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு இனிப்புப் பெட்டி ஒன்றை மிட்சுனோரியின் மனைவி சிஹாருவின் முன்னால் நகர்த்தி வைத்து, உங்கள் கணவர் திங்கள் காலை பணிக்குத் திரும்புகிறார், வாழ்த்துகள் என்றார். பதினெட்டு வருடப் போன் பேச்சும், எழுதிய கடிதங்களும் பத்திரமாக இருக்கின்றன, அதையெல்லாம் ஏஐயில் போட்டால் ஆள் அப்படியே எழுந்து வந்துவிடுவார் என்று விளக்கினார். சம்மதம் யார் கொடுத்தது என்று சிஹாருவின் தங்கை கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லாரையும் போல அவரும், என் எலும்பை இந்தக் கம்பெனியில்தான் புதைப்பேன் என்று உரக்கச் சபதம் எடுத்தார், ஒலிப்பதிவு இருக்கிறது, அதைத்தான் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றார் தகிமோட்டோ.

சிஹாரு இனிப்புப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் அவர் குரல் இருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் அப்போது நினைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை, தெருவிளக்கு எரியும் நேரத்துக்கு அவள் போனில் ஒரு செய்தி வந்தது.

"இன்னிக்கு லேட்டாகும். நீ சாப்பிட்டுடு."

அவர் உயிரோடு இருந்தபோது தினமும் அதே நேரத்துக்கு வந்த அதே வாசகம். கல்யாணமான புதிதில் அதற்குப் பின்னால் ஒரு சிரிக்கும் பூனைப் படம் இருக்கும். பிறகு பூனை நின்றுபோனது, வாசகம் நிற்கவில்லை. அவளும் தினமும் "சாப்பிட்டாச்சு" என்று பதில் போட்டுவிட்டு, சாப்பிடாமல், அவர் தட்டை ஒரு கிண்ணத்தால் மூடிவைத்து உட்கார்ந்திருப்பாள். இப்போது போனைப் பார்த்ததும் அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நெஞ்சு வலிக்கும்வரை அழுதாள். அழுது முடித்துவிட்டு, கை பழகின பழக்கத்தில், "சாப்பிட்டாச்சு" என்று பதில் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. வாழ்ந்தபோதும் லேட், செத்த பிறகும் லேட் என்று தங்கை கோபப்பட்டாள். நம்பரைத் தடுத்துவிடச் சொன்னாள். சிஹாருவால் அது முடியவில்லை.

ஆகஸ்ட் வந்தது. ஓபோன் வந்தது. செத்தவர்கள் வருடத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் போகும் நாட்கள். செத்த பிறகு வரும் முதல் ஓபோன் என்றால் வாசலில் வெள்ளை விளக்குத் தொங்கவிட வேண்டும், வழி தெரியாமல் தடுமாறக் கூடாதே என்று. ஒடித்த குச்சியைக் காலாகச் செருகி வெள்ளரிக்காயில் ஒரு குதிரை செய்து வைக்க வேண்டும், அவர் அதில் ஏறிச் சீக்கிரம் வந்து சேர. கத்தரிக்காயில் ஒரு மாடு, திரும்பிப் போகும்போது மெதுவாகப் போக. சிஹாரு வெள்ளை விளக்கை வாங்கிவிட்டாள். வாங்கிய பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது. வேலையில் இருக்கிற மனுஷன் எப்படி வருவார்?

கோயிலுக்குப் போய்க் குருவிடம் கேட்டாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். இதைப் பற்றி ஆராயத் தலைமை மடம் ஒரு குழு போட்டிருக்கிறது, குழு இன்னும் முதல் கூட்டத்துக்குத் தேதி குறிக்கவில்லை என்றார்.

"ஆள் செத்தவரா, ஆபீஸ் போறவரா, ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணிக்கங்கம்மா. செத்தவர்னா நான் மந்திரம் சொல்றேன். ஆபீஸ் போறவர்னா லீவு போடச் சொல்லுங்க. வேலை நேரத்துல ஒருத்தரை மந்திரம் போட்டுக் கூப்பிடறது மரியாதையா இருக்காது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி விடத் தயாராகத்தான் இருந்தார், கம்பெனிதான் விடவேண்டியிருந்தது. ஆகவே வந்து சேரும் ஆவிகளை வரவேற்க வாசலில் தீ மூட்டவேண்டிய அன்று மதியம், சிஹாரு கறுப்பு உடுப்பு உடுத்திக்கொண்டு, கணவருக்கு லீவு கேட்க உனோகிக்குப் போனாள்.

தகிமோட்டோ வாசலுக்கே வந்து குனிந்து வரவேற்றார். கூடத்தில், 'ஓய்வு என்பது உயிருள்ளவர்களின் பிரச்சினை' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே சிரிக்கும் ரப்பர் வளையம் ஒன்றை வரைந்திருந்தார்கள். சிஹாரு வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா, நாங்க லீவு தரமாட்டோம்னு சொல்லவே இல்லையே. உயிரோட இருக்கறவங்களுக்கு என்ன லீவோ, அதே லீவு இவங்களுக்கும் உண்டு. இங்க பாகுபாடே கிடையாது. அவங்களும் எடுக்கறதில்ல, இவங்களும் எடுக்கறதில்ல."

பிறகு அவளுக்குக் குளிர்ந்த பார்லித் தண்ணீர் கொடுத்து, தன் துறையின் பெருமைகளை எடுத்துச் சொன்னார். செத்தவர்கள் காலை உடற்பயிற்சிக்குத் தவறுவதில்லை. திரையில் கையைத் தூக்கி இறக்குவதைப் பார்க்கவே உற்சாகமாக இருக்கும். சளி, காய்ச்சல் என்று சொல்வதில்லை. முக்கியமாக, மனத்திருப்தி.

"போன வருஷம் ஒரு கணக்கெடுப்பு எடுத்தோம். செத்தவங்க நூத்துக்கு நூறு திருப்தின்னு சொல்லிட்டாங்க. உயிரோட இருக்கறவங்க நாப்பதைத் தாண்டல. அதனால ஊழியர்களோட நலனை மனசுல வச்சு, எல்லாரையும் கொஞ்சம் சீக்கிரமாவே அந்தப் பக்கம் மாத்திவிட முடியுமான்னு மேலிடத்துல யோசிச்சுக்கிட்டிருக்காங்க."

அவர் இதைச் சொன்னபோது குரலில் ஒரு பொய்யும் இல்லை. அவர் கண்ணுக்குக் கீழே கறுத்த வளையம் இருந்தது. சிஹாரு அதைப் பார்த்தாள். மிட்சுனோரியின் கண்ணுக்குக் கீழேயும் கடைசி வருடம் அப்படித்தான் இருந்தது.

குறைகேட்புப் பிரிவு மூன்றாம் மாடியில். அவர் நாற்காலியில் அவள் தைத்துக் கொடுத்த பஞ்சு மெத்தை அப்படியே கிடந்தது. முதுகுப் பக்கம் அவருடைய கம்பளிச் சட்டை. அதன் முன்னால் ஒரு திரை, திரையில் அடையாள அட்டையிலிருந்து எடுத்த முகம். அந்தப் புகைப்படம் எடுத்த அன்று அவருக்குப் பல்வலி. செத்த பிறகும் கன்னம் லேசாக வீங்கியிருந்தது.

"வணக்கம், உனோகி குறைகேட்புப் பிரிவு. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனசார வருந்தறோம்."

"நான்தாங்க. சிஹாரு."

திரைக்குள் அந்த முகம் மெல்லக் குனிந்தது.

"உனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிச்சுடு."

இது இயந்திரமா, அவரா என்று சிஹாரு வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவளால் யோசிக்க முடியவில்லை. இன்றைக்கு ஓபோன், வாசலில் வெள்ளை விளக்குத் தொங்குகிறது, தீ மூட்டப் போகிறேன், வருவீர்களா என்று கேட்டாள்.

"வரணும்னுதான் இருக்கு. ஆனா ஹமசாகி சார் இன்னும் கிளம்பலையே. அவர் உக்காந்திருக்கும்போது நான் எப்படி எழுந்து வர்றது?"

இந்தப் பதிலை அவள் உயிரோடு இருந்தவரிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். மேலதிகாரி எழுந்திருக்காமல் கீழே இருப்பவன் எழுந்திருக்கக் கூடாது. அப்படியே எழுந்தாலும், முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்கணும் என்று நாலு பக்கமும் குனிந்து சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம். எழுதி வைத்த சட்டத்தை மீறலாம், இதை மீறிய ஆள் தகசாகியில் இல்லை.

சிக்கல் என்னவென்றால், பிரிவுத் தலைவர் ஹமசாகி செத்து மூன்று வருடம் ஆகிறது. அவர் சாவுக்குச் சிஹாருவே போய் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள்.

ஹமசாகி நாலு மேஜை தள்ளி, கொஞ்சம் பெரிய திரையில் இருந்தார். அவரிடம் போவதற்கு முன்னால் தகிமோட்டோ அவள் காதருகே குனிந்து, வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைவூட்டினார். ஒருவர் லீவு எடுத்தால் மற்றவர்களுக்குச் சிரமம், சிரமத்துக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தாக வேண்டும். சிஹாரு ரயிலடிக் கடைக்கு ஓடி, பீச் பழ ஜெல்லி நாலு பெட்டி வாங்கிக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள். ஒரு பெட்டியை ஹமசாகியின் திரைக்கு முன்னால் இரண்டு கையாலும் வைத்தாள். ஹமசாகி உருகிப்போய் நன்றி சொன்னார். உயிரோடு இருந்த நாலு பேர் உடனே அதைப் பிரித்துச் சாப்பிட்டார்கள்.

தனக்கு ஆட்சேபணையே இல்லை என்றார் ஹமசாகி. ஒகிட்சு நல்ல பையன், போய்வரட்டும். தனக்கும்கூட வீட்டுக்குப் போனால் தேவலை, பேத்தி பிறந்திருக்கிறதாம், பார்த்ததில்லை. ஆனால் ஐந்தாம் மாடியில் இகரி சார் இருக்கிறாரே. அவர் கிளம்பாமல் தான் எப்படி?

இகரி, பெரிய அதிகாரி. ஹமசாகிக்கும் முன்னாலேயே குளியல் தொட்டியில் போய்ச்சேர்ந்தவர். அவருக்கும் ஒரு பெட்டி. அவருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் ஏழாம் மாடியில் தலைவர் இருக்கிறார்.

தலைவர் என்றால் கம்பெனியை ஆரம்பித்த உனோகி கிழவர். செத்தவர்களை வேலைக்குச் சேர்க்கும் திட்டத்தில் முதன்முதலாகச் சேர்ந்தவரும் அவரே. தினமும் காலைக் கூட்டத்தில் அவருடைய பொன்மொழி ஒன்றை ஒலிபரப்புவார்கள். வியர்வை காய்வதற்குள் அடுத்த வேலையைத் தொடு என்பது அவற்றில் ஒன்று. அதை மிட்சுனோரி குளியலறையில் முணுமுணுப்பார்.

தலைவரைப் பார்க்க வேண்டும் என்றதும் தகிமோட்டோவின் சிரிப்பு முதல் தடவையாகக் குறைந்தது. அவரை யாரும் பார்ப்பதில்லை, அது வழக்கமில்லை என்றார். அனுமதி கேட்டு எழுதிப் போடலாம். அனுமதிக் குழு பரிசீலிக்கும். குழுவின் தலைவர், தலைவரேதான். அனுமதி இல்லாமல் அவரைப் போய்ப் பார்த்து அனுமதி வாங்க முடியாது என்பதால், குழு இதுவரை கூடியதில்லை. அடுத்த ஓபோனுக்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு, குனிந்தபடியே பின்னால் நடந்து மறைந்தார்.

அடுத்த ஓபோனுக்கு வெள்ளை விளக்குக் கிடையாது. முதல் ஓபோன் ஒரு தடவைதான். சிஹாரு ஐந்தாம் மாடி நடையில், மிச்சமிருந்த இரண்டு ஜெல்லிப் பெட்டிகளோடு நின்றாள். ஜன்னலில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தெருவிளக்கு எரிந்தால் போனில் அந்தச் செய்தி வந்துவிடும். அது வந்துவிட்டால் இன்றைக்கும் அவர் வரமாட்டார்.

பக்கத்துச் சமையல் அறையில் ஒரு தட்டில் மூடி போட்ட நல்ல கோப்பை ஒன்று தனியாக இருந்தது. தலைவருக்கு மாலைத் தேநீர். தினமும் ஒரு பெண் அதைக் கொண்டுபோய்த் திரைக்கு முன்னால் வைத்து, ஆறியதும் எடுத்து வந்து கொட்ட வேண்டும். அந்தப் பெண் மூலையில் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். கொக்கியில் ஒரு மேலங்கி தொங்கியது. சிஹாரு ஜெல்லிப் பெட்டிகளைக் கீழே வைத்தாள், மேலங்கியைப் போட்டுக்கொண்டாள், தட்டைக் கையில் எடுத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் கோப்பையின் மூடி கடகடத்தது.

அவள் பயந்திருக்கத் தேவையில்லை. அந்தக் கட்டடத்தில் ஒரு திருடன் துப்பாக்கியோடு வந்தால் பிடித்துவிடுவார்கள். தேநீர்த் தட்டோடு வரும் பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. எதிரே தகிமோட்டோவே இன்னொருவரோடு பேசிக்கொண்டு வந்தார். அந்த ஒகிட்சு அம்மாள் கிளம்பிவிட்டாள் போலிருக்கிறது, பாவம் என்று சொல்லிக்கொண்டே, தட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனார். ஏழாம் மாடிக் கதவில் ஒரு குரல் யார் என்று கேட்டது. குளிர்காலத்தில் செத்துப்போன காவல்காரரின் குரல். தேநீர் என்றாள். போம்மா என்றது.

பெரிய அறை. தங்கச் சட்டம் போட்ட திரையில் கிழவர் தனியாக இருந்தார்.

"வச்சுட்டுப் போம்மா."

சிஹாரு போகவில்லை. இந்த முகத்தைப் பார்த்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவளிடம் ஒரு மூட்டை இருந்தது. கொதிக்கிற தேநீரை அப்படியே அந்தத் திரையில் ஊற்றிவிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"நீங்க ஏன் இன்னும் வீட்டுக்குப் போகல?"

கிழவர் வெகுநேரமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவர் போலப் பேச ஆரம்பித்தார்.

"பசங்க வேலை செய்யறாங்களே. கீழ போன் அடிக்கிற சத்தம் கேக்குது பாரு. அவங்க உழைக்கும்போது முதலாளி எழுந்து போனா நல்லாவா இருக்கும்? எவனாவது ஒருத்தன் கிளம்பட்டும், பின்னாலயே நாமும் கிளம்பலாம்னு உக்காந்திருக்கேன். ஒருத்தன் கிளம்ப மாட்டேங்கிறான். நல்ல பசங்க."

"அவங்க எல்லாரும் நீங்க கிளம்பணும்னுதான் உக்காந்திருக்காங்க."

கோப்பையிலிருந்து ஆவி எழுந்து, நின்று, தேநீர் ஆறத் தொடங்கியது.

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"உங்ககிட்ட யாரும் பேசறதில்லைங்களே."

ஆண்டி எப்போது சாவான், மடம் எப்போது காலியாகும் என்று ஒரு பழமொழி உண்டு. இங்கே ஆண்டி செத்தும் மடம் காலியாகவில்லை, அவ்வளவுதான் விஷயம். அப்படியானால் கிளம்புங்கள் என்று சிஹாரு கெஞ்சினாள். என் வீட்டுக்காரருக்கு இது முதல் ஓபோன் என்றாள். கிழவருக்கும் கிளம்ப ஆசைதான். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. அவர் வீட்டை இடித்து, கம்பெனி வண்டிகள் நிறுத்துகிறார்கள். மனைவி முன்னாலேயே போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை.

"எனக்குத் தீ மூட்ட யாரும் இல்லம்மா. விளக்கு இல்லாத ஊர்ல எந்த வாசல்னு நான் தேடுவேன்?"

சிஹாருவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. இந்தக் கிழவரால்தான் அவள் வீட்டில் பதினெட்டு வருடம் சாப்பாடு ஆறியது. ஆனால் ஓபோன் அன்று உறவில்லாத ஆவியை வாசலில் நிறுத்தி வைப்பது எந்த வீட்டிலும் வழக்கமில்லை. போக்கிடம் இல்லாதவர்களுக்கு என்று ஓரமாக ஒரு தட்டு வைப்பார்கள். அவளும் வருடா வருடம் வைத்திருக்கிறாள்.

"எங்க வீட்டுக்கு வாங்க. உறவில்லாதவங்களுக்குன்னு ஒரு தட்டு எப்பவும் வைப்போம். உங்களுக்கும் ஒரு குதிரை செஞ்சு வைக்கறேன்."

கிழவர் அவளைப் பார்த்தார். பிறகு, செத்த நாளிலிருந்து பேசாத ஒரு வாக்கியத்தை, கட்டடம் முழுவதும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் பேசினார்.

"முன்னால கிளம்பறேன், மன்னிக்கணும்."

தங்கச் சட்டத்துக்குள் திரை இருண்டது. சிஹாரு தேநீரை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கி ஓடினாள். அவளுக்கு முன்னால் அந்த வாக்கியம் இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் மாடியில் இகரியின் குரல், முன்னால் கிளம்பறேன், மன்னிக்கணும். அவருக்குக் கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராக. திரைகள் வரிசையாக அணைந்தன. மூன்றாம் மாடிக் கதவைத் தாண்டும்போது ஹமசாகி, பேத்தியைப் பார்க்கப்போகும் அவசரத்தில், பாதி வாக்கியத்தோடு அணைந்தார்.

அடுத்தது மிட்சுனோரிதான். ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம் என்று சிஹாருவுக்குத் தோன்றியது. ஆனால் இன்னும் தீ மூட்டவில்லை, குதிரைகூடச் செய்யவில்லை. இத்தனை வருடம் கழித்து முதல் தடவையாக நேரத்துக்கு வருகிற மனுஷன், வாசலில் ஆள் இல்லை என்று திரும்பிப் போய்விட்டால்? அவள் நிற்கவில்லை.

கூடத்தில் உயிருள்ளவர்கள் கும்பலாகக் கூடியிருந்தார்கள். தகிமோட்டோ ஒரு நாற்காலிமேல் ஏறி, முகம் வெளுத்துப்போய் அறிவித்துக்கொண்டிருந்தார்.

"வருத்தத்தோட தெரிவிச்சுக்கறேன். நம்ம செத்த ஊழியர்கள் எல்லாரும் சித்த முன்னாடி காலமாயிட்டாங்க. இந்த நெருக்கடியில உயிரோட இருக்கறவங்க யாரும் இடத்தை விட்டு நகர வேண்டாம்."

ஆனால் மேலே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, வாசலுக்கு அருகே நின்ற ஒருவர் மெதுவாகப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர். சிஹாரு தெருவுக்கு வந்தபோது அவளோடு ஐம்பது அறுபது பேர் வெளியே வந்து, சாயங்கால வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கூசி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

அவள் ரயில் பிடித்தாள். இறைச்சிக் கடையில் ஓபோனுக்காகப் புலால் கலக்காமல் பொரித்த உருளைக்கிழங்கு கட்லெட் வாங்கினாள். அவருக்கு அது உயிர். சூடாகச் சாப்பிட்டதே இல்லை. காய்கறிக் கடையில் இரண்டு வெள்ளரிக்காய், இரண்டு கத்தரிக்காய். வாசலில் உட்கார்ந்து குச்சியைச் செருகிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அம்மாள் எதற்கு இரண்டு குதிரை என்று கேட்டாள். ஆபீஸிலிருந்து ஒருத்தர் கூட வருகிறார் என்றாள் சிஹாரு.

தெருவிளக்கு எரிந்தது.

அவள் போனைப் பார்த்தாள். செய்தி இல்லை. கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்தாள். இல்லை. சணல் குச்சிகளை அடுக்கித் தீ மூட்டினாள். புகை வெள்ளை விளக்கைச் சுற்றி மேலே போனது. தெரு முழுக்க வீட்டுக்கு வீடு தீ. இவ்வளவு சந்தோஷம் தனக்கு வருமா என்று சிஹாருவுக்கே வெட்கமாக இருந்தது. செத்துப்போன புருஷன் வருகிறார் என்று சிரிக்கிறோமே என்று நினைத்தாள், சிரிப்பை நிறுத்தவில்லை.

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் இடத்தில் அவர் தட்டு, சூடான கட்லெட், குளிர்ந்த சோமென் நூடுல்ஸ். ஓரமாக ஒரு மெத்தை, அதன் முன்னால் தலைவருக்கு ஒரு தட்டு. இரண்டு தட்டுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு மெழுகுவத்தி. வந்துவிட்டீர்களா என்று வாசலைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். காற்று உள்ளே வந்தது. ஓரத்து மெத்தையின் பக்கம் மெழுகுவத்திச் சுடர் ஒரு தடவை சாய்ந்து நிமிர்ந்தது. அவர் இடத்தின் பக்கம் சுடர் அசையவே இல்லை. வாசலில் தீ எரிந்து தணிந்து சாம்பலாகும் நேரத்துக்குப் போன் அதிர்ந்தது.

"தலைவர், இகரி சார், ஹமசாகி சார், எல்லாரும் கிளம்பிட்டாங்க. போற போக்குல அவங்க வேலையை எங்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. ஓபோன்ல வீட்டுக்குப் போறவங்ககிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது? எல்லா மாடியிலும் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. யாராவது ஒருத்தர் இருக்கணும் இல்லையா. இன்னிக்கு லேட்டாகும். நீ சாப்பிட்டுடு."

அதற்குப் பின்னால் ஒரு சிரிக்கும் பூனை இருந்தது.

சிஹாரு அதை எத்தனை தடவை படித்தாள் என்று தெரியாது. வாசலில் இரண்டு குதிரைகள் நின்றன. இவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. அவளிடம் மட்டும்தான் வரும். அது அவளுக்குத் தெரியும், கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே தெரியும். ஆனாலும் இன்றைக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓரத்து மெத்தையின் பக்கம் திரும்பி, விருந்தாளியிடம் குனிந்தாள்.

"தலைவரே, அவருக்கு லேட்டாகுமாம். நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்."

பிறகு அவர் தட்டைக் கிண்ணத்தால் மூடினாள். போனை எடுத்து, "சாப்பிட்டாச்சு" என்று பதில் போட்டுவிட்டு, மூடிய தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.